தொள்ளாயிரமாவது அடியின் இசை

கொங்கு மண்டலக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆக்குவோர் பேரவையில் 1996ஆம் ஆண்டு நாற்பத்தொரு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் இருபத்தாறு பேர் நிர்வாகிகள். மீதிப் பதினைந்து பேரில் ஒன்பது பேர் ஆலோசகர்கள். மிஞ்சிய ஆறு பேர் விளையாட்டுகளைச் செய்தார்கள். அந்த ஆறு பேருக்கும் பேரவையில் நல்ல மரியாதை இருந்தது. கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடும் பொறுப்பை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

லோகப்பிரியா அந்த ஆறு பேரில்கூட முழுச் சேர்த்தி இல்லை. அவள் விளையாட்டு செய்யவில்லை; விளையாட்டுக்கு இசை செய்தாள். பேரவையின் விதிப்புத்தகத்தில் இசைக்கும் இடம் இருந்தது. பதினேழாம் விதியில், 'உதிரி பாகங்கள்' என்ற தலைப்பின் கீழ் அது வந்தது. ஆண்டுதோறும் சிறந்த உதிரி பாகத்துக்குச் 'சிறப்பிசைக் கேடயம்' உண்டு.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் ஆபீஸில் தட்டச்சு வேலை. முதலாளியின் மகன் படிப்பதற்காக வாங்கி, படிக்காமல் விட்டுவிட்ட ஒரு கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. அதில் இசை எழுதும் சின்ன மென்பொருள் ஒன்றை அவள் நண்பன் ஆஸிம் போட்டுக் கொடுத்தான். திரையில் நான்கு பத்திகள். ஒவ்வொன்றிலும் எந்த ஸ்வரம், எந்த ஒலி, எவ்வளவு சத்தம் என்று எழுத்தும் எண்ணுமாக மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு போனால், அது இசையாகக் கேட்கும். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சலான் அடிக்கிற அதே விரல்களால், மதியச் சோற்றுக்கு மணி அடித்துத் திரும்ப மணி அடிப்பதற்குள், லோகப்பிரியா இசை அடிக்கக் கற்றுக்கொண்டாள்.

ஒலிகளை அவள் பட்டறையிலிருந்தே எடுத்தாள். வார்ப்பிலிருந்து வந்த பம்ப் கூட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். நல்ல கூடு கணீரென்று சொல்லும். விரிசல் விழுந்த கூட்டில் சத்தம் செத்திருக்கும். இரண்டையும் அவள் மைக் வைத்துப் பிடித்துக்கொண்டாள். தட்டிப் பார்ப்பவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஆஸிம் உக்கடத்தில் அவன் அத்தா அப்துல் குத்தூஸின் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தான். காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் வகுப்பில் அவளுக்குப் பழக்கம். அவளைவிட நான்கு வயது சின்னவன். அக்கா என்று கூப்பிடுவான். அவன் செய்த விளையாட்டின் பெயர் 'போர்வெல்'. தோட்டத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குழாய் வளையாமல், பாறையில் மாட்டாமல் அடி அடியாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். நூறு அடி வரை லோகப்பிரியாவின் இசையில் நான்கு பத்திகளும் கலகலவென்று ஓடும். முந்நூறில் ஒன்று நின்றுவிடும். அறுநூறில் இன்னொன்று. தொள்ளாயிரத்தில் ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சும். சுத்தியலால் ஒரு தட்டு. பிறகு நீளமாக ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு தட்டு.

அவள் அப்பா வெள்ளகோவில் பக்கம் மூன்று முறை போர் போட்டு, மூன்று முறையும் புழுதியைப் பார்த்தவர். தொள்ளாயிரம் அடியில் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பேச மாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அந்த நிற்பை எழுத அவளுக்கு நான்கு மாதம் ஆனது. எழுதி முடித்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். தன்னையும் ஆஸிமையும் தவிர, எந்த உறவும் இல்லாத ஓர் ஆள் அந்தத் தொள்ளாயிரமாவது அடியைக் கேட்க வேண்டும். கேடயம் பெரிதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

விண்ணப்பம் வாங்கப் பேரவைச் செயலாளர் மோகன்குமாரின் பட்டறைக்குப் போனாள். அவர் யூ.பி.எஸ். செய்து விற்பவர்.

"வாங்கம்மணி, உக்காருங்க. ஃபாரமுங்களா? எத்தனை வேணும்னாலும் எடுத்துக்குங்க. மோட்டார் கண்காட்சிக்கு அடிச்சது, ரெண்டாயிரம் காப்பி மிச்சமிருக்குது."

படிவத்தில் பொருளின் பெயர், குதிரைத்திறன், வார்ப்பின் எடை, பெயின்ட் நிறம், உத்தரவாதக் காலம் என்று வரிசையாகக் கேட்டிருந்தது.

"இதுல இசைன்னு ஒண்ணுமே இல்லீங்களே?"

"பொருளின் பெயர்னு இருக்குது பாருங்க, அங்க இசைன்னு எழுதிப்போடுங்க. மத்ததெல்லாம் தானாப் பொருந்திக்கும்."

"குதிரைத்திறனுக்கு என்னங்க எழுதறது?"

"சும்மா உட்டீங்கன்னா தள்ளுபடி ஆயிருமுங்க. ஒரு ரெண்டு ஹெச்.பி. போட்டுக்குங்க. பொம்பளைங்க செஞ்சது, அதுக்கு மேல போட்டா கமிட்டி நம்பாது."

லோகப்பிரியா இரண்டு என்று எழுதினாள். நிறம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துக் 'கறுப்பு' என்று எழுதினாள். தன்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உத்தரவாதக் காலம் ஓர் ஆண்டு.

படிவம் ஏற்கப்பட்டு, முதல்நிலைச் செவிமடுப்புக்கு அழைப்பு வந்தது. இசையை மூன்று பிரதிகள் அச்சடித்து, ஓரத்தில் திருத்தத்துக்கு இடம் விட்டு, நூலால் கட்டிக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. கம்ப்யூட்டரோ ஸ்பீக்கரோ கொண்டுவரக் கூடாது.

இசை நடுவர் பேராசிரியர் கந்தப்பன். முப்பத்தைந்து வருஷம் பொறியியல் கல்லூரியில் உலோகங்களின் வலிமை பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். எஃகுக் கம்பி எத்தனை பாரத்தில் அறும் என்று சொல்லக்கூடியவர் கம்பியிலிருந்து வரும் ஒலியையும் சொல்லிவிடுவார் என்பது பேரவையின் கணிப்பு. அவர் நாற்பத்திரண்டு பக்கங்களையும் சிவப்பு மசிப் பேனாவால் புரட்டிக்கொண்டு வந்தார்.

"சார், ஒருக்காக் கேட்டுப் பாத்தீங்கன்னா..." என்றாள் அவள்.

"அது கூடாதுங்க அம்மணி. கேட்டாச் சாய்வு வந்துரும். உங்க இசை நல்லா இருக்குதுன்னு வைங்க, எனக்குப் புடிச்சுப்போயிரும். புடிச்சதுக்கப்பறம் நான் எப்படிங்க நடுநெலையா மார்க் போடறது?"

அவர் முப்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றார்.

"இங்கிருந்து ஒரே புள்ளி புள்ளியா இருக்குதுங்களே. பிரிண்டர்ல ரிப்பன் தீந்துபோச்சுங்களா?"

"இல்லீங்க சார். அங்க சத்தம் கெடையாதுங்க. அதுதான் தொள்ளாயிரம் அடி."

"சத்தமே இல்லாத எடத்துக்கு எப்படிங்க மார்க்? வெத்துப் பேப்பரைத் திருத்துன பழக்கமே எனக்கு இல்லீங்களே." அவர் ஓரத்தில் அழகான கையெழுத்தில் 'இடைவெளிகளை நிரப்புக' என்று எழுதி, அடியில் கோடு போட்டார். "நெரப்பிக் கொண்டாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

மோர் நன்றாக இருந்தது. அதுதான் இவர்களிடம் கஷ்டம் என்று அவள் நினைத்தாள். யாராவது ஒருத்தர் அவளை எடுத்தெறிந்து பேசியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

மறுநாள் மதியம் கம்பெனியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு முதல் நாற்பத்திரண்டு வரையிலான பக்கங்களில் தபலாவும் புல்லாங்குழலும் போட்டு நிரப்பினாள். ஓட விட்டுக் கேட்டாள். தொள்ளாயிரம் அடியில் யாரோ கல்யாண வரவேற்பு நடத்துவது போல இருந்தது. அச்சடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி வைத்தாள். காகிதத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. காகிதம் நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியது.

"என்னக்கா இது, திருட்டு வேலை?" என்று ஆஸிம் சிரித்தான். "உங்களைப் பெரிய இதுன்னு நெனச்சிருந்தேன்."

"கேக்க வைக்கணுமில்ல. கேட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

அதை அவள் நம்பினாள்.

விழா, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுண்டம்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழை மரம் இன்னும் வாடவில்லை. காலை ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்குக்கு ஐந்து முகம், நிர்வாகிகள் இருபத்தாறு பேர். ஒவ்வொருவரும் ஏற்றிய முகத்தை ஊதி அணைத்து அடுத்தவர் ஏற்ற வழி செய்து, ஐந்தே கால் சுற்றில் முடித்தார்கள். பிறகு பொன்னாடை. நிர்வாகிகள் ஆலோசகர்களுக்குப் போர்த்தினார்கள். ஆலோசகர்கள் அதே பொன்னாடைகளை மடிப்புக் கலையாமல் நிர்வாகிகளுக்குப் போர்த்தினார்கள். விளையாட்டு செய்த ஆறு பேரும் தட்டு ஏந்தினார்கள்.

தலைவர் குமாரசாமி மோட்டார் தயாரிப்பவர். பருத்த, சாந்தமான மனிதர். மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. அதைச் சொல்லிக்கறதுல எனக்கு வெக்கமில்லை. இந்த விளையாட்டு ஒண்ணைக்கூட நான் ஆடிப் பாத்ததில்லை. ஆடிப் பாத்தவன் ஒருத்தன் தலைவரா இருந்தா, அவன் தனக்குப் புடிச்ச விளையாட்டுப் பக்கம் போயிருவானுங்க. அதனாலதான் ஏழு வருசமா என்னையவே வச்சிருக்கறாங்க. ஆனா ஒண்ணு. நூறு கூட்டைத் தட்டுனா, விரிசல் உழுந்த ஒண்ணை நான் ரோட்டுல நின்னே சொல்லிப்போடுவேன். அப்பேர்ப்பட்ட காதுங்க இது. அந்தக் காதைப் பேரவைக்கு இனாமாக் குடுத்திருக்கறேன்."

பலத்த கைதட்டல். இனாமாகக் கொடுத்த காதைத் தலைவர் ஒரு முறை தடவி விட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு விளையாட்டுகளைக் காட்டச் சொன்னார்கள். மணமேடைக்குக் கீழே ஒரு மேஜையில் கம்ப்யூட்டர், அதற்குக் கீழே மோகன்குமார் இலவசமாகக் கொண்டுவந்து வைத்த யூ.பி.எஸ்., சுவரிலிருந்து நேராக மின்சாரம் எடுத்த இரண்டு ஸ்பீக்கர்கள். எதிரே சோபாவில் தலைவரும் நடுவரும் செயலாளரும். முதல் மூன்று விளையாட்டுகளையும் அவர்கள் மிக உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் பஜ்ஜி வந்தது. நான்காவது 'போர்வெல்'. ஆஸிம் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தான். லோகப்பிரியா பக்கத்தில் நின்றாள்.

குழாய் இறங்கியது. நான்கு பத்திகளும் ஒலித்தன. இருபது அடி. நாற்பது அடி.

"அடடே, போரா!" என்று தலைவர் சோபாவில் நிமிர்ந்தார். "எங்க தோட்டத்துல போன வருசம் எழுநூத்தம்பது போட்டனுங்க. நம்மூரு வண்டி வேணாம்னுட்டு திருச்செங்கோட்டு வண்டியக் கூப்புட்டேன். என்ன ஆச்சுன்னு கேளுங்க..."

"சொல்லுங்க, சொல்லுங்க," என்றார் நடுவர்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க. தலைவர் பேசறாரு." மோகன்குமார் தானே எழுந்து வந்து ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரை திருகினார். இசை நின்றது.

லோகப்பிரியாவுக்கு அந்தத் திருகைப் பிடித்துத் திருப்ப வேண்டும் போல இருந்தது. திருப்பவில்லை. தலைவர் பேசி முடித்ததும் திருப்பலாம் என்று இருந்தாள். தலைவரின் போர் முந்நூறு அடியில் இருந்தபோது, ஆஸிமின் போர் ஐந்நூறில் இருந்தபோது, மின்சாரம் போனது.

மின்விசிறிகள் நின்றன. மண்டபம் முழுக்கச் சட்டென்று நிசப்தம். யூ.பி.எஸ். உயிர் கொடுத்ததால் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிசப்தத்தில், மேஜைக்கு அடியிலிருந்து யூ.பி.எஸ். பீப் என்றது.

தலைவர் பேச்சை நிறுத்தினார். பத்து விநாடி கழித்து மறுபடி ஒரு பீப். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாத ஆஸிம் குழாயை இறக்கிக்கொண்டே இருந்தான். அறுநூறு. பீப். அறுநூற்றைம்பது. பீப். சோபாவின் கைப்பிடியில் தலைவர் விரலால் தாளம் போட்டார். எண்ணூறு அடியில் பேட்டரி இறங்கத் தொடங்க, பீப் அவசரப்பட்டது. ஐந்து விநாடிக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று. பின்வரிசையில் யாரோ, "தண்ணி வந்துருமாட்ட இருக்குது," என்று கிசுகிசுத்தார்கள். எண்ணூற்றுத் தொண்ணூறில் யூ.பி.எஸ். ஒரே மூச்சாகக் கூவியது. திரை இருண்டது.

ஒரு கணம் யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

லோகப்பிரியாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஏதோ ஒன்று அடிவயிற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஏறி முகத்துக்கு வந்தது. எதற்காகத் தட்டுகிறார்கள் என்று புரிந்த பிறகும் அந்த வெதுவெதுப்பு உடனே இறங்கவில்லை. அவள் அதை மறக்கவே மாட்டாள். அது தனக்கு வந்ததில்லை என்று தெரிந்தும் ஏழெட்டு விநாடி அதை வைத்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு அங்கேயே எழுதிக் கையெழுத்தானது. மின்சாரம் இல்லாததால் பேராசிரியர் கந்தப்பன் மைக் இல்லாமல் பேசினார்.

"மொதல்ல பத்து செகண்டுக்கு ஒரு சத்தமுங்க. தேவையில்லாம ஒண்ணுகூடச் சேக்கலை. இதுதானுங்க நம்ம கொங்குநாட்டுச் சிக்கனம். அப்பறம் ஒரு பதட்டம். கடைசியா ஒரே அழுகை, இருட்டு. தண்ணி வரலை. எங்கண்ணுல வந்துருச்சுங்க. எண்பத்தேழுன்னு போட்டிருந்தேன், தொண்ணூத்தஞ்சாத் திருத்திப்போட்டேன். அம்மணி மேல வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க."

மேடையேறப் படிகள் நான்கு. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேடயத்தோடு போர்வெல் ஃபிளாப்பி மாவட்டத்துக் கம்ப்யூட்டர் வகுப்புகளுக்கெல்லாம் போகும், அங்கே யாராவது தொள்ளாயிரம் அடி வரை ஆடுவார்கள், உண்மையான இசை தானாகக் கேட்டுவிடும். இரண்டாவது படியில் இது ரொம்ப நியாயமாகத் தோன்றியது. மூன்றாவது படியில் ஆஸிமின் முகத்தைப் பார்த்தாள்.

"அது நான் செஞ்ச இசை இல்லீங்க," என்றாள். "கரண்ட் போனதுக்கு யூ.பி.எஸ். கத்துச்சுங்க. என்னோட இசைய நீங்க யாரும் இன்னும் கேக்கலை."

மறுபடி கைதட்டல். "பாத்தீங்களா!" என்றார் தலைவர் பூரித்துப்போய். "என்ன ஒரு தன்னடக்கம்! நம்ம ஊர்ப் புள்ளைங்களைத் தவுர யாருக்கு வருமுங்க?"

"தன்னடக்கமில்லீங்க. நெசமாலுமே யூ.பி.எஸ்.தானுங்க. வேணும்னா இன்னொருக்காக் கரண்டை நிறுத்திப் பாருங்க."

அப்போது மோகன்குமார் மெதுவாக எழுந்தார். அவர் முகம் மாறியிருந்தது. அதுவரை அவர் யோசிக்காத ஒன்றை யோசித்துவிட்டவர் போல இருந்தார்.

"ஒரு நிமிசமுங்க. அம்மணி சொல்றதுல உண்மை இருக்குது. அது எங்க பட்டறை உருப்படி. மத்தவங்க எல்லாம் அஞ்சு செகண்டுக்கு ஒரு பீப் வைக்கறாங்க. நான்தான் ராத்திரி பகலா யோசிச்சுப் பத்து வச்சனுங்க. அஞ்சு வச்சா நாராசமா இருக்கும்னு எனக்கு ஒரு இது. இத்தனை நாளு அது இசைன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

கமிட்டி மணமேடைத் திரைக்குப் பின்னால் கூடியது. இருபது நிமிஷம் கழித்துத் தலைவர் தீர்மானத்தை வாசித்தார். சிறப்பிசைக் கேடயம் அந்த ஒலியை உண்டாக்கிய திரு. மோகன்குமாருக்கு. அவ்வொலிக்கு எவ்வித இடையூறும் நேராதபடி தன் இசையை அமைதியாக வைத்திருந்த செல்வி லோகப்பிரியாவுக்கு ஒத்துழைப்புச் சான்றிதழ். அடுத்த ஆண்டு முதல் எல்லா இசையும் மின்தடையின்போதே பரிசீலிக்கப்படும். மின்சாரம் தானாகப் போகாவிட்டால் செயலாளர் நிறுத்துவார்.

மோகன்குமார் கேடயத்தை வாங்கிக்கொண்டு கண்கலங்கினார். பிறகு லோகப்பிரியாவிடம் வந்து ஒரு தாளை நீட்டினார். "ஒரு கையெழுத்துங்க அம்மணி. இந்தச் சத்தத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு. பின்னால ஒரு பிரச்சினை வரப்படாது பாருங்க."

"போடறேனுங்க," என்றாள். "ஆனா எனக்கு ஒண்ணு செய்யோணும். கரண்ட் வந்தொடனே, எல்லாரும் உக்காந்து என்னோட இசைய ஒருக்காக் கேளுங்க. ஏழே நிமிசம். மார்க்கெல்லாம் வேண்டாம்."

"அதுக்கென்னங்க, தாராளமா!" என்றார் தலைவர். "கேக்கறதுக்குத்தானுங்க நாங்க இருக்கறோம்." அங்கேயே நிகழ்ச்சி நிரலில் எழுதிச் சேர்க்கவும் சொன்னார். நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் பிறகு, 'சாப்பாடு' என்ற வரிக்கு அடுத்த வரியில் சேர்த்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

நாட்டுப்பண் முடிந்த அடுத்த விநாடி மின்சாரம் வந்தது. அதற்கடுத்த விநாடி, "இலை போட்டாச்சுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. இருபத்தாறு நிர்வாகிகளும் ஒன்பது ஆலோசகர்களும் ஒருவரையொருவர் முன்னால் போகச் சொல்லி வற்புறுத்தியபடி படியிறங்கிப் போனார்கள். விளையாட்டு செய்த மற்ற நான்கு பேரும் தண்ணீர் ஊற்றப் போனார்கள்.

"போலாமுங்களாக்கா?" என்றான் ஆஸிம்.

"நீ இறக்கு. நான் கேக்கறேன்."

ஸ்பீக்கரின் திருகைத் திருப்பினாள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நான்கு பத்திகளும் ஓடின. முந்நூறில் ஒன்று நின்றது. அறுநூறை நெருங்கும்போது பேராசிரியர் கந்தப்பன் அவசரமாக உள்ளே வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைச் சோபாவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாத்திரையை எடுத்துத் திரும்பியவர், திரும்பிய இடத்திலேயே நின்றார்.

அறுநூறு தாண்டியது. அவர் உட்காரவில்லை. தொள்ளாயிரத்தில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. கீழே, "ரசம்... ரசம்..." என்று யாரோ கேட்டுக்கொண்டே வரிசையில் போவது கேட்டது. அவர் கையை லேசாகத் தூக்கினார், அந்தக் குரலை அடக்குவது போல. இன்னொரு தட்டு. மறுபடி நீளமான வெறுமை. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அப்பாவின் தோட்டத்தில் மனிதர்கள் அப்படித்தான் நின்றார்கள். கடைசித் தட்டு விரிசல் விழுந்த கூட்டினுடையது. செத்த சத்தம். திரையில் புழுதி பறந்தது.

வெகுநேரம் கழித்து, "நெரப்பாமயே உட்டுட்டீங்க," என்றார். "நல்ல காரியம் பண்ணுனீங்க அம்மணி. இத்தனை வயசுல இப்படி ஒண்ணு நான் கேட்டதில்லை."

உறவில்லாத ஓர் ஆள். கேட்டுவிட்டார். "சார், அப்ப அவங்ககிட்டச் சொல்லுங்க."

"என்னத்தைங்க?"

"இப்பச் சொன்னதை."

பேராசிரியர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கினார். விழுங்கியதும் அவர் முகம் பழைய முகமாகிவிட்டது. "தீர்ப்புல கையெழுத்துப் போட்டாச்சுங்களே. அதுக்கப்பறம் கேட்டதெல்லாம் சேத்தி இல்லீங்க. நான் இப்ப இங்க வந்ததே மாத்திரைக்குத்தான்."

இவ்வளவு நாளும் அவர்களுக்குக் காது இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். அதில் ஓர் ஆறுதல் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "இன்னொண்ணுங்க. எனக்கும் வயசாச்சு. அடுத்த வருசத்துக்கு இசை நடுவராப் போட ஒருத்தரைச் சொல்லச் சொல்லியிருக்கறாங்க. நீங்க வரோணும். நல்ல காது உங்களுக்கு. நடுவராயிட்டீங்கன்னா ஒண்ணும் சிரமமில்லை, எதையும் கேக்க வேண்டியதில்லீங்க. சோபா போட்டுருவாங்க. வாங்க, சாப்புட்டுட்டுப் போங்க. பாயசம் நல்லா இருக்குதுன்னாங்க."

அவள் ஏதோ பதில் சொன்னாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். யூ.பி.எஸ். ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஆஸிமுக்கு அது காதில் விழவில்லை.

சாப்பிடாமல் மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வந்து நின்றார்கள். அவனுக்கு உக்கடம் பக்கம், அவளுக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் அவள் பஸ் வருகிற வரைக்கும் அவனும் அவள் பக்கத்திலேயே நின்றான்.

"அந்தாளு சோபாவுல உக்காரக் கூப்புட்டதுக்கு, நல்லா நறுக்குனு குடுத்திருப்பீங்களே? என்னக்கா சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "இதுல யோசிக்க என்னக்கா இருக்குது?"

பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் துடியலூரைத் தாண்டும்வரை, எப்படி மறுப்பது என்று வார்த்தைகளைக் கோக்கப் பார்த்தாள். ஒன்றும் கோவையாக வரவில்லை. வந்ததெல்லாம், அடுத்த வருஷம் அந்தச் சோபாவில் உட்காரும்போது மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கட்டுவதா, கைத்தறிச் சேலையே போதுமா என்பதுதான்.